ஒரு மூட்டை அதிகம்

"லெஃப்ட்ல ஒடி... ஒடி... போதும், நேராக்கு!"

"யோவ், இப்ப நேராக்கினா கம்பத்துல இடிக்கும்யா. ரைட்டு ஒடிங்க தம்பி, நல்லா ஒடிங்க!"

"வரட்டும்... வரட்டும்... வரட்டும்..."

அமரர் ஊர்தி தெருமுனையிலிருந்து பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி சொல்ல நான்கு கிழவர்கள் நான்கு மூலைகளில் நின்றார்கள். நால்வரும் லாரி ஓட்டி ஓய்ந்தவர்கள். ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். டை கட்டிய ஓட்டுநர் யார் கையைப் பார்ப்பது என்று தெரியாமல் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எல்லாரையும் விட்டுவிட்டுத் தன் போக்கில் வந்து, வாசலுக்கு நேராக அழகாக நிறுத்தினார்.

"பார்த்தியா, நான் சொன்ன மாதிரியே வந்துட்டாரு," என்றார் ஹாரன் மாமா. மற்ற மூவரும் தாங்கள் சொன்ன மாதிரிதான் என்றார்கள்.

தேநீர்த் தட்டோடு படியில் நின்றிருந்த பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியும், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணன் பார்த்துவிட்டானா என்று சட்டென்று திரும்பினாள். அவன் கைபேசியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா மட்டும் உள்ளே படுக்காமல் வெளியே நின்றிருந்தால் தானும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதாக ஒரு வழி சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் அப்பாவுக்கு உடுத்திவிட அண்ணன் வெள்ளை முழுக்கைச் சட்டை கொண்டுவந்தபோது அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

"அரைக்கை போடு. அவருக்குக் கையில காத்து படணும்."

பொத்தான் போடும்போது பாப்பா பார்த்தாள். அப்பாவின் வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே கன்னங்கரேலென்று இருந்தது. காலமெல்லாம் லாரி ஜன்னலுக்கு வெளியே வைத்து ஓட்டிய கை. ஓய்வு பெற்று இத்தனை வருடம் வீட்டு நிழலில் இருந்தும் அது வெளுக்கவில்லை. இடது கை யாரோ ஆஃபீஸ்காரருடைய கை போல இருந்தது.

நேற்று சாயங்காலம் கண் திறக்காமலே, "மூட்டை எங்கே?" என்று கேட்டார். அம்மாவைத்தான் கேட்டார். அவர் அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான். அம்மாவோ ஒட்டடைக்குச்சிக்குப் புடவை சுற்றிய மாதிரி இருப்பாள். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி செய்து, பட்டப்பெயர் என்றாலே பொருந்தாமல்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"பக்கத்துலதான் இருக்கேன். நீங்க வண்டியை எடுங்க," என்றாள் அம்மா.

அப்பா தலையை ஆட்டினார். விடியும்முன் கிளம்பிவிட்டார்.

இப்போது பெட்டியை ஏற்றவும் நான்கு கிழவர்கள்தான் முந்தினார்கள். "மெதுவா, மெதுவா. கண்ணாடிச் சரக்கு மாதிரி நினைச்சுக்க." "இவனா கண்ணாடி? இரும்புக் கம்பிடா இவன்." பின்கதவு சாத்தப்பட்டது. சொந்தக்காரர்கள் கார்களுக்குள் ஏறத் தொடங்கினார்கள். அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். முகம் கழுவி, தலைவாரி, கையில் நீலநிற ஒயர் கூடை.

பாப்பாவுக்கு அந்தக் கூடையைத் தெரியும். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் அம்மா எடுக்கும் கூடை. மாதம் ஒருமுறை, சில நேரம் இருமுறை, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு அம்மா தன் அக்காவைப் பார்க்கப் போவாள். கூடையில் ஃபிளாஸ்க், துண்டு, புளிப்பு மிட்டாய்ப் பொட்டலம். மயானத்துக்கு எதற்கு இந்தக் கூடை?

அம்மா கார்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஊர்தியின் முன்பக்கம் போய் இடதுபுறக் கதவைத் திறந்தாள்.

ஓட்டுநர் பதறி இறங்கி வந்தார். "அம்மா, மன்னிச்சுக்கங்க. கேபின்ல ஆள் ஏத்தக்கூடாது. கம்பெனி ரூல்."



முதலில் சிரித்தது ஹாரன் மாமாதான். அவருக்கு அந்தப் பெயர் வந்ததே குரலால்தான். இரண்டு தெருவுக்குக் கேட்கும் சிரிப்பு. அடுத்து மற்ற மூவரும். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். கார்களுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அண்ணன் வேகமாக வந்தான். "மாமா! என்ன இது? சாவு வீடுன்னு ஒரு இது வேண்டாம்?"

"தப்புதான்டா மருமகனே, தப்புதான்." ஹாரன் மாமா கண்ணைத் துடைத்தார். "ஆனா இந்த வார்த்தையை உங்கப்பன் எத்தனை முதலாளி வாயால கேட்டிருக்கான் தெரியுமா? செத்தும் விடமாட்டேங்குது பாரு."

"எந்த வார்த்தை?"

ஹாரன் மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ ஓடியது.

"சொல்லித் தொலை," என்றாள். "இனிமே யாரு வேலையை விட்டு எடுக்கப்போறா?"

"உங்கப்பன் கம்பெனி கம்பெனியா மாறினானே, ஏன்னு தெரியுமா உனக்கு?"

அது அண்ணனிடம் கேட்கக்கூடாத கேள்வி. வருடம் தவறாமல் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் கம்பெனி பெயரைக் கேட்பார்கள். அவன் வருடா வருடம் வேறு பெயர் சொல்லியிருக்கிறான். வளர்ந்து, ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் வேரூன்றிய பிறகும் அந்தக் குறை போகவில்லை. "எங்கயும் நிலைச்சு நிக்கத் தெரியாத மனுஷன்," என்று அப்பா காதுபடவே சொல்வான். அப்பா அதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்.

"முன்கோபம்னு சொல்வாங்க," என்றான் அண்ணன்.

"கோபமா? அவனுக்கா?" ஹாரன் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "முதல் கம்பெனி, சிமெண்ட் லோடு. வெறும் வண்டியை எடை மேடையில ஏத்தும்போது உங்கம்மா இறங்கி டீ குடிக்கப் போயிடுச்சு. லோடு ஏத்தி மறுபடி எடை போடும்போது கேபின்ல உக்காந்திருக்கு, போர்வையைப் போத்திக்கிட்டு. கணக்குப் பார்த்தா ஒரு மூட்டை அதிகம். எண்ணிப் பார்த்தா மூட்டை சரியா இருக்கு. மறுபடி எடை போட்டா மறுபடி அதிகம். அத்தனையும் இறக்கி, மறுபடி ஏத்தி... வெயில்னா வெயில். எடை மேடைக்காரன் மெஷின் கெட்டுப்போச்சுன்னு ஆளைக் கூப்பிட்டுட்டான். அப்பத்தான் போர்வை தும்முச்சு."

"சிமெண்ட் தூசி. யாருக்கும்தான் தும்மல் வரும்," என்றாள் அம்மா.

பாப்பா தட்டைத் திண்டின்மேல் வைத்தாள். கோப்பைகள் கலகலத்தன.

மூட்டை.

"அம்மா, நீங்க பெரியம்மா வீட்டுக்குத்தானே..."

அம்மா அவளைப் பார்த்தாள். பெரியம்மா ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிப் புலம்புவது பாப்பாவுக்கு நினைவு வந்தது: உங்கம்மா என் வீட்டு வாசப்படி மிதிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? பெரியம்மாவுக்கு ஞாபகமறதி என்று நினைத்திருந்தாள்.

"அடுத்த கம்பெனி இரும்புக் கம்பி," என்று ஹாரன் மாமா தொடர்ந்தார். அவரை இனி யாராலும் நிறுத்த முடியாது. "கம்பி வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா முனையில சிவப்புத் துணி கட்டணும். முதலாளி கார்ல பின்னாடியே வந்திருக்காரு. அடடா, நம்ம டிரைவர் எவ்ளோ பெரிய துணியாக் கட்டியிருக்கான், என்ன பொறுப்புன்னு பக்கத்துல வந்து பார்த்தா, ஜரிகைக் கரை! உங்கம்மா புடவையைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கு."

"அது சிவப்பு இல்ல, கத்திரிப்பூ கலர். நாப்பது வருஷமா தப்பாவே சொல்லிக்கிட்டுத் திரியறே. சிவப்பா இருந்திருந்தா அந்த மனுஷன் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டார்."

இந்த முறை டை கட்டிய ஓட்டுநரும் சிரித்துவிட்டார். உடனே தன் வேலையை நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டார்.

பாப்பா அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையைப் பிடித்திருந்த இடது கை. எப்போதும் வலது கையைவிட ஒரு படி கறுப்பு. அடுப்பு அந்தப் பக்கம் இருப்பதால் என்று யாரோ எப்போதோ சொன்னார்கள், அவளும் நம்பிவிட்டாள். பாவம் அம்மா, கணவன் ஊர் ஊராகச் சுற்ற, இவள் அடுப்படியிலேயே வெந்து காத்துக் கிடந்தாள் என்று தன் கணவனிடம் சொல்லி ஒருமுறை அழுதுகூட இருக்கிறாள். அவள் கல்யாணப் புகைப்படத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்பார்கள். அப்பாவுக்கு வலது கை கறுப்பு. அம்மாவுக்கு இடது கை. நடுவில் இருந்த இரண்டு கைகளும் வெளுப்பு.

அண்ணன் அம்மாவின் அருகில் வந்தான். பிறகு மெல்லிய குரலில் கேட்டான். "வேலை போகும்னு தெரிஞ்சே போனீங்களாம்மா?"

"வேலை வேற கிடைக்கும்டா. லாரியா இல்ல ஊர்ல?" அம்மா ஊர்தியின் முன்சீட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு மலர்வளையம் கிடந்தது. "பக்கத்து சீட் சும்மாத்தானே காலியாப் போகுது."

"நம்ம கார்ல வாங்கம்மா. ஏசி இருக்கு. உங்களுக்கு முட்டி வலி வேற..."

"அது மாடிப்படி ஏறும்போது வர்ற வலி. வண்டி ஏறும்போது வராது."

அவள் ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க முதலாளி எங்க இருப்பாரு?"

"சூப்பர்வைசர்தாங்கம்மா. நாலு ரோட்டு ஆஃபீஸ் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. எல்லா வண்டியும் அவரைத் தாண்டித்தான் போகணும். பார்த்தாருன்னா எனக்கு..."

"பார்த்தாத்தானே?"

கிழவர்கள் உடனே கூடிவிட்டார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போகலாம் என்றார். அங்கே ஒருவழிப்பாதை போட்டு எவ்வளவோ காலமாச்சு, வீட்டை விட்டு வெளியே வந்தால்தானே தெரியும் என்றார் இன்னொருவர். சந்தைக்குப் பின்னால் போனால் மேம்பாலம் ஏறலாம், வேண்டாம் அங்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று பேச்சு சண்டையாகப் போனது.

"வழியெல்லாம் மாத்த வேண்டாம்," என்றாள் அம்மா. "ஆஃபீஸ் எந்தப் பக்கம் வரும், தம்பி?"

"லெஃப்ட்லம்மா."

"என் பக்கமா? அப்ப தலையைக் குனிஞ்சா மட்டும் போதாது. கீழே இறங்கி உக்காந்துக்கணும். அதுக்கு முன்னாடி என்ன வரும்?"

"ஒரு பெட்ரோல் பங்க்."

"சரி. பங்க் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லு."

ஓட்டுநர் பின்பக்கக் கண்ணாடி வழியே பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார், அவன் ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்தேன் என்பது போல. நகர்வலம் அல்ல இது, அம்மாவை ஏற்ற வேண்டாம் என்று அண்ணன் சொல்வான் என்றுதான் பாப்பாவும் நினைத்தாள்.

அண்ணன் முன்னால் போனான். சீட்டில் கிடந்த மலர்வளையத்தை எடுத்து ஹாரன் மாமா கையில் கொடுத்தான். குனிந்து, சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தைப் பார்த்தான். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து அங்கே விரித்தான்.

"முட்டி தரையில படாம உக்காருங்க," என்றான். 

அம்மா அவன் தோளைப் பிடிக்கவில்லை. கதவின் மேல்பிடியை ஒரு கையால் பற்றி, ஒரு காலைப் படியில் வைத்து, உந்தி, ஏறிவிட்டாள். அந்த ஏறுதலில் ஒரு பழக்கம் இருந்தது. கூடை தானாக மடிக்கு வந்தது.

ஓட்டுநர் பெருமூச்சு விட்டார். "பெல்ட் போட்டுக்கங்கம்மா. பங்க் வந்ததும் கழட்டிக்கலாம்."

"மிட்டாய் வேணுமா, தம்பி? தூக்கம் வராது."

ஊர்தி கிளம்பியது. நான்கு கிழவர்களும் நான்கு விதமாகக் கையசைத்து வழி சொன்னார்கள்.

பின்னால் அண்ணன் காரை ஓட்டினான். பக்கத்து சீட்டில் பாப்பா.  முன்னால் போகும் ஊர்தியின் பக்கக் கண்ணாடியில் அம்மாவின் முகம் சின்னதாகத் தெரிந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஓட்டுநரிடம் பேசுகிறாளா, பின்னால் படுத்திருப்பவரிடமா என்று சொல்ல முடியவில்லை.

பெட்ரோல் பங்க் வந்தது. கண்ணாடியில் முகத்தைக் காணவில்லை.

ஆஃபீஸ் வாசலில் நாற்காலியில் இருந்த மனிதர் வண்டியைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். ஊர்தி மரியாதையாக, மெதுவாக, அவரைத் தாண்டியது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பாப்பா கவனித்தாள். தானும் அப்படித்தான் இருக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

சிக்னல் தாண்டி, வளைவு தாண்டி, சாலை அகலமானது. கண்ணாடியில் முதலில் நரைத்த தலை தெரிந்தது. பிறகு ஜன்னல் இறங்கியது.

அண்ணன் கையை நீட்டி ஏசியை நிறுத்தினான், தன் பக்க ஜன்னலை இறக்கினான்.

முன்னால், ஊர்தியின் இடதுபக்க ஜன்னல் விளிம்பில் ஒரு முழங்கை வந்து சாய்ந்தது. வெயில் அதன்மேல் விழுந்தது.