வெட்டு என்றால் நிறுத்து

“தொடங்கு” என்றால் கத்தியை ஓங்க வேண்டும். “வெட்டு” என்றால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். பூரணி இதைத் தன் தாய்மாமன் ஆண்டியப்பனுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள். அவரும் மூன்று தடவை தலையாட்டினார். இருபத்தெட்டு வருஷமாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்து, கங்காணி “வெட்டு” என்றதும் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கழித்துத் தள்ளும் மனிதருக்கா இந்தப் பாடம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினெட்டு வயதில் அதெல்லாம் தோன்றாது.

“கட்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கக் கற்றுத்தந்த அலோசியஸ் மாஸ்டர் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அது அறுபத்து மூன்றாம் வருஷம்; மாணவர் மன்றத்தில் தூய தமிழ் கொடிகட்டிப் பறந்தது. மன்றத் தலைவி பூரணி கமரா என்ற சொல்லையே வாயில் வைக்க மாட்டாள், படப்பெட்டி என்பாள். மாஸ்டர் தன்னுடைய சின்னக் கமராவையும், நாலு நிமிஷம் ஓடும் ஒரே ஒரு சுருளையும் கொடுத்து, நீங்களே ஒரு படம் எடுத்து வாருங்கள் என்றபோது, கதையையும் இயக்கத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். வட்டகொடைக்குப் பக்கத்தில் அவள் பிறந்த தோட்டம். அங்கே கவ்வாத்துக்காரர் ஒருவரின் ஒரு நாள். பெட்டியைப் பிடிக்க வகுப்புத் தோழன் லியனார்ட், கத்தியைப் பிடிக்க மாமா.

தோட்டத்துத் துரை ஒரே நிபந்தனையோடு அனுமதி கொடுத்திருந்தார்: செடிக்குச் சேதம் வரக்கூடாது. கவ்வாத்துக்கு விட்டிருந்த மலையிலேயே எடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அங்கே வெயில் போதாது என்று, கொழுந்து தளதளவென்று நின்ற பக்கத்து மலைக்கு எல்லோரையும் கூட்டிப்போனவள் பூரணி.

“சும்மா ஓங்குனாப் போதும் மாமா. நான் சொன்னதும் நிப்பாட்டிருங்க.”

ஓங்கினார். அழகாகத்தான் ஓங்கினார். கத்தியில் வெயில் மின்னியது. இது போதும் என்று பட்டதும் பூரணி குரலெடுத்து, “வெட்டு!” என்றாள்.

ஒரே வீச்சில் ஒரு கிளை போனது. அவள் பதறிப்போய், “வெட்டு! வெட்டு!” என்று கத்தினாள். கத்தக் கத்த அவர் இன்னும் சுறுசுறுப்பாக வெட்டினார். கடைசியில் “போதும்!” என்று அலறியபோது, இடுப்பளவு நின்ற செடி முழங்காலுக்கு வந்திருந்தது. சுத்தமான கவ்வாத்து, குறை சொல்ல முடியாது. லியனார்ட் வாயைப் பிளந்து நின்றானே தவிர, விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை சிவசாமி மேலேறி வந்தார். “கொழுந்து மலையில கத்திய வச்சிருக்க. பத்துச்சீட்டு வாங்கிக்கிட்டுப் போக ஆசையா?” என்று ஆண்டியப்பனைத்தான் கேட்டார். பூரணி பக்கம் திரும்பவில்லை. பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

“புள்ள வெட்டுன்னுச்சு, வெட்டுனேங்க” என்றார் ஆண்டியப்பன்.

மறுநாள் காலை பூரணி துரையின் ஆபீஸ் வாசலில் நின்றாள். பயம் கிடையாது. நியாயம் தன் பக்கம், பேசவும் நன்றாக வரும், வேறென்ன வேண்டும்?

“வெட்டுன்னு சொன்னது நான்தாங்க. அவரு மேல தப்பில்ல.”

“மாமாவுக்கு மருமகள் சாட்சி” என்று துரை தோட்டத்தில் பழகிய தமிழில் சொல்லிச் சிரித்தார். “படம் இருக்குதானே? அதைப் பார்ப்போம். அதுவரைக்கும் அவனுக்கு வேலை இல்லை.”

படம் கொழும்பில் கழுவப்பட்டு வர மூன்று வாரம் ஆனது. ஆண்டியப்பன் தினமும் விடியக்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, தன் பேர் கூப்பிடப்படாமல் திரும்பி வந்தார். “படத்துல எல்லாம் தெரிஞ்சிரும் மாமா” என்று பூரணி அடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுருளை வாங்கிக்கொண்டு வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கியபோது லியனார்ட் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இது ஊமப் படம்தானே பூரணி? நீ சத்தம் போட்டது அதுல எப்புடிக் கேக்கும்?”

பூரணி அதை யோசித்தே பார்த்ததில்லை.

பகல் மூன்று மணிக்கு ஆபீஸ் ஜன்னல்களில் சாக்கை மாட்டி இருட்டாக்கினார்கள். மாஸ்டர் சுருளை ஓட்டினார். முன்னால் துரை, பக்கத்தில் சிவசாமி, ஓரமாகக் கைகட்டிக்கொண்டு ஆண்டியப்பன். சுவரில் கட்டிய வேட்டியில் மலை வந்தது, கத்தி வந்தது. சத்தமே இல்லாமல் கிளைகள் விழுந்தன. ஒரு மனிதர் தன்பாட்டில் கிறுக்குப் பிடித்து நல்ல செடியை வெட்டுவதாகத்தான் யாருக்கும் படும். சிவசாமி தொண்டையைக் கனைத்தார்.

செடி முடிந்தும் படம் முடியவில்லை. அன்றைக்குப் பூரணி செடியைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்றாளே ஒழிய, மாமாவைப் பார்க்கவில்லை. இப்போது வேட்டியில் அவர் நிமிர்ந்தார். புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். கமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ தேடிப் பார்த்து, புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, சரியா என்பதுபோலச் சிரித்தார். பூரணிக்கு வெட்கம் தாங்கவில்லை. மூன்று வாரமாகத் தன் நியாயத்தையே பேசியிருக்கிறாள். அவர் ஒருநாள்கூட முகம் கோணவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

“யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்?” என்று துரை கேட்டார்.

“என்னையத்தாங்க” என்றாள் பூரணி. 

“சொன்னவளிடம்தான் சரியா என்று கேட்கிறான்” என்று துரை சிவசாமியிடம் சொன்னார். பிறகு, “இன்னொரு தரம் போடுங்கள்” என்றார்.

இரண்டாம் தரம் ஓடியபோது பூரணி வேட்டியைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தாள். ஆண்டியப்பன் தன்னைத்தானே இதுவரை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. வேட்டியிலிருந்த ஆண்டியப்பன் சிரித்ததும், கட்டிய கையை எடுக்காமலே, இவரும் கொஞ்சம் கூச்சத்தோடு பதிலுக்குச் சிரித்தார்.