ஐம்பதாவது பெயர்

மனை விற்கும் வேலைக்கு நான் தயாராகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு வாரமாகக் கண்ணாடிக்கு விற்றுக்கொண்டிருந்தேன். "கிழக்குப் பார்த்த மனை சார். முப்பதடி ரோடு. தனிப் பட்டா. வில்லங்கம் எதுவும் கிடையாது." கண்ணாடி ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். நாற்பத்து நான்கு வயதில் இன்டர்வியூவுக்குப் போகிறவன் வேறு என்னதான் செய்வது?

சனிக்கிழமை மனைக் கம்பெனியின் பொன்னேரி ஆபீசிலிருந்து ஹெலன் என்ற மேனேஜர் போன் செய்தாள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னாள். வைக்கப் போகும்போதுதான் அந்தக் குண்டைப் போட்டாள்.

"சார், வரும்போது உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஐம்பது பேர் லிஸ்ட் எழுதி எடுத்துக்கினு வாங்க. பேரு, போன் நம்பர், இன்னா வேலைன்னு. எங்க கம்பெனில எல்லாரும் அப்படித்தான் சேர்றது."

ஐம்பது பேர். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி சொல்லிவிட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரி எடை போடும் மேடை ஒன்றில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. லாரி வெறுமையாக வந்து ஏறும், பிறகு சரக்கோடு வந்து ஏறும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். ஜனவரியில் கேமரா வைத்தார்கள். இப்போது அதுவே வண்டி நம்பரைப் படித்து, அதுவே சீட்டு அடித்துக் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான ஆட்கள் என் ஜன்னலுக்கு வந்துபோயிருக்கிறார்கள். ஐம்பது பேருக்கா பஞ்சம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டாவை முடித்துவிட்டுத் தெம்பாகத்தான் உட்கார்ந்தேன்.

போனைத் திறந்து பெயர்களைப் பார்த்தேன். ஒரு பெயரும் இல்லை. 4417 பதினாலு சக்கரம். 2260 இரும்புத் தூள். 9083 ஆந்திரா நைனா. எல்லோரையும் வண்டி நம்பர் போட்டுத்தான் சேமித்து வைத்திருந்தேன். வேலைக்கு அதுதான் சௌகரியம். வண்டி மேடையில் ஏறும்போதே யார் என்று சொல்லிவிடுவேன். அவர்களுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் மட்டும் எனக்குத் தெரியாது.

முதல் பெயராக அண்ணன் ப்ரஹ்லாதை எழுதினேன். திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் இருக்கிறான். அப்பா பார்த்த கைங்கர்யம். எதற்கும் சொல்லிவைப்போம் என்று கூப்பிட்டேன். எடுத்ததும், "யாருக்குடா என்ன ஆச்சு?" என்று பதறினான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலே அண்ணா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?" என்றான். பெருமாளுக்குத் தளிகை சமைக்கிற நேரம் என்று போனை வைத்துவிட்டான். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்து 4417.

"யாருபா?"

"எடை மேடை வீரராகவன் பேசறேன்."

"எந்த வீரராகவன்?"

"ஜன்னல்ல உட்கார்ந்திருப்பேனே..."

"அட, ஜன்னல் சாரா! இன்னா சார், எடைல எதுனா பேஜாரா?"

"அதெல்லாம் இல்லபா. உன் பேரு என்ன?"

"எதுக்கு சார் பேரு? கேஸ் கீஸ் எதுனா போட்டுட்டானுங்களா?"

அவன் பெயர் எழிலரசன். அதை வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. எல்லோரும் அப்படித்தான். வருடக்கணக்கில் முகம் பார்த்தவனிடம் போய்ப் பெயர் கேட்டால் பயப்படாமல் என்ன செய்வான்? ஆந்திரா நைனா லாரியை விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டாராம். 2260-இன் போனை எடுத்தது ஒரு பெண். அவர் போன வருடமே தவறிவிட்டார் என்றாள். அந்த வண்டி அதற்குப் பிறகும் மேடை ஏறியதே என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு டிரைவர் போலிருக்கிறது. நான் வண்டியைத்தான் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு 6158-ஐக் கூப்பிட்டேன். எளாவூர்க்காரன். கேட்டதும் பெயரைச் சொன்னான். திருமலை. எதற்கு என்று கேட்கவில்லை. அவன் கேட்டது வேறு.

"சார், சாப்டீங்களா? கொரலு ஒரு மாதிரி கீதே."

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது ஆள், இஸ்திரி போட்ட சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சாப்பிட்டாயா என்று என்னை ஒருவர் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

மெஸ் தாயாரம்மாள், சிலிண்டர் போடுகிறவர், முடிதிருத்தும் கடை, வீட்டுக்காரர், அவர் மருமகன் என்று யார் யாரையோ சேர்த்து, பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொன்பது ஆயிற்று. இன்னும் ஒன்று. எவ்வளவு முட்டிப் பார்த்தும் வரவில்லை.

என் போனில் இரண்டு சிம். இரண்டாவது, எப்போதோ கடை திறப்பு விழாவில் இலவசமாகக் கொடுத்தது. அந்த நம்பருக்கு இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஐம்பதாவது வரியில் அதை எழுதினேன். பெயர் ராமானுஜம் என்று போட்டேன். வேலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'நண்பர்' என்று எழுதினேன். மற்ற நாற்பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் அப்படி எழுதவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஹெலன் முன்னால் மனை விற்றுக் காட்டினேன். கண்ணாடிக்கு விற்றதைவிட நன்றாகவே விற்றேன். "சூப்பரா பேசறீங்க சார்" என்றாள். பிறகு லிஸ்டை வாங்கிப் பார்த்தாள். "மூணு பேருக்கு போட்டுப் பாத்துடலாமா? சும்மா ஒரு செக்கிங்."

ஐம்பதில் மூன்றுதானே என்று தேற்றிக்கொண்டேன்.

முதல் நம்பர், அண்ணன். எடுக்கவில்லை. நடுவில் விரலை வைத்து ஒன்றைப் போட்டாள். ஸ்பீக்கரில் லாரிச் சத்தத்தோடு திருமலை குரல் வந்தது. "எடை மேடை சாரா? நல்ல மன்சன்மா. ஒருநாளும் எங்களை நிக்க வெச்சதில்ல. அவருக்கு வேலை குடுங்க."

ஹெலன் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தாளின் அடிக்குப் போனாள்.

"கடைசியா இந்த ராமானுஜம் சார். நண்பர்னு போட்டுக்கிறீங்களே."

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. அவள் தன் போனைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். கட் செய்தாள். என் பையிலும் சத்தம் நின்றது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

"தெரிஞ்சவங்கன்னு கேட்டீங்க மேடம்," என்றேன். "வேற யாரும் வரல."

"பரவாயில்ல சார்," என்றாள் மெதுவாக. "ஒண்ணு கொறஞ்சா ஒண்ணும் இல்ல. நாளைக்கே சேர்ந்துக்குங்க. லிஸ்ட் இங்க இருக்கட்டும். எங்க பொண்ணுங்க இன்னைக்கே இவங்க எல்லாருக்கும் உங்க பேரைச் சொல்லி போன் போட ஆரம்பிச்சிடுவாங்க."

"ஒருதரமா?"

"வாங்கற வரைக்கும் சார். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அப்பத்தான் பிசினஸ் ஓடும்."

அப்போதுதான் புரிந்தது. அவர்களுக்கு வேண்டியது இந்தத் தாள். என்னைத் தாளோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வேலை வேண்டும். அடுத்த மாதத்துக்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை. ஆனால் ஓடுகிற லாரியில் திருமலை போனை எடுப்பான். கிழக்குப் பார்த்த மனை என்று ஆரம்பிப்பார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வீரராகவன் என்றாலே எடுக்காமல் விட்டுவிடுவான்.

தாளை எடுத்து மடித்துக்கொண்டேன்.

"சார், லிஸ்ட் இல்லாம வேலை இல்ல."

"புரியுது மேடம். நேத்துதான் இவங்க பேரே எனக்குத் தெரிஞ்சுது."

பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஒவ்வொரு வண்டி நம்பராக அழித்துப் பெயரைப் போட்டேன். 4417 எழிலரசன் ஆனான். திருமலைக்கு வந்ததும் கை நின்றது. கூப்பிட்டேன்.

"சார், வேலை கெடச்சிச்சா? ஒரு மேடம் கேட்டாங்க, நல்லபடியாத்தான் சொன்னேன்."

"கிடைக்கலபா."

"வுடுங்க சார், வேற வரும். இன்னா விஷயம், சொல்லுங்க."

என்ன விஷயம்? ஒன்றும் இல்லை. "சாப்டியான்னு கேக்கத்தான்பா" என்றேன்.

"இன்னும் இல்ல சார். செக்போஸ்ட்ல லைன்ல நிக்கறேன். தோ, நவுருது. அப்பால பேசறேன் சார்." வைத்துவிட்டான்.

அப்பால பேசறேன் என்று சொல்கிறவர்கள் பேசுவதில்லை. எனக்குத் தெரியாதா என்ன! மடித்த தாளைப் பிரித்தேன். ஐம்பதாவது வரியில் ராமானுஜத்தை அடித்தேன். மேலே போய், திருமலைக்கு நேரே 'லாரி டிரைவர்' என்று எழுதியிருந்ததையும் அடித்துவிட்டு, 'நண்பர்' என்று எழுதினேன். அவனைக் கேட்கவில்லை.