முழங்காலிட்டவரின் மனைவி

முதியோர் இல்லத்தின் தலைவர் முழங்காலிட்டுத் தரை துடைத்தார். முழங்கால் காய்த்தது அவருடைய மனைவிக்கு. அவர் பொறுப்பேற்ற முதல் வாரமே இது தொடங்கிவிட்டது. அவருக்கு முன் இருந்தவர் மேசை மணியை அடித்தே பதவிக்காலத்தை ஓட்டியவர். இவர் வந்ததும் மணியைத் தூக்கி அலமாரிக்குள் போட்டார். ஆண்டவரே சீடர்களின் கால்களைக் கழுவினார், எனக்கு எதற்கு நாற்காலி என்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, படுக்கையில் கிடந்தவர்களின் பெட்பேனை முதல் ஆளாக எடுத்தார். சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லாத மனிதர். அதை அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள், அப்படி யாராவது இருந்திருந்தால். கனத்த முதியவர்களைக் கைகளில் ஏந்திக் குளியலறைக்குக் கொண்டுபோவார். தோட்டத்துக்குப் பின்னால் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். எல்லாரும் சாப்பிட்ட பிறகே அவர் தட்டை எடுப்பார். வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்த மனைவிக்குப் பசியில் காது அடைக்கும். அவர் மட்டும் கல்யாணத்தன்று இருந்த மாதிரியே இருந்தார். ஒரு முடி நரைக்கவில்லை.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. கணவர் குனியும்போது மனைவிக்கு வரும் வலிக்கு இதுதான் கேட்கும் என்று மருத்துவர் ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். ஆண்டு விழாவுக்கு வந்த பேராயர், தம்பதியாக ஊழியம் செய்யும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்று மேடையில் சொல்லி, தலைவருக்குக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார். நல்ல கனம். அதைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டவர் அவர். கை வலித்தது யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. உருப்படியான உதவி செய்தவள் இல்லத்துச் சமையல்காரி ஒருத்திதான். காலையில் வேலியோரம் வந்து, "அம்மா, இன்னைக்குக் கழிவறை எல்லாத்தையும் ஐயாவே கழுவப் போறாராம். இப்பவே போய்ப் படுத்துக்கோங்க" என்பாள்.

ஊழியர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். "விடுங்க ஐயா, நாங்க பாத்துக்குறோம்" என்று துடைப்பத்துக்கு இழுபறியே நடந்தது. மனிதர் களைப்பதே இல்லை என்று தெரிந்ததும் இழுபறி நின்றது. தம்மைப் பார்த்து அவர்களும் குனிவார்கள் என்று அவர் நம்பினார். அவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நல்ல முன்மாதிரியைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலச் சுகமான வேலை வேறில்லை. வருடங்கள் போகப் போக, படுக்கைவிரிப்பு எங்கே இருக்கிறது என்பதே உதவியாளர்களுக்கு மறந்துபோனது. மனைவி கம்பு ஊன்றினாள். புதிதாக வருகிறவர்கள் அவளைத் தலைவரின் தாயார் என்று எண்ணி, "பிள்ளையை நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. திருத்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ஒருநாள் அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. "என்னங்க, ஊழியம் செய்ய வேணாம்னு நான் சொல்லல. நாற்காலியில உக்காந்து அவங்கள வேலை வாங்குங்க. அதுவும் ஊழியந்தான். இப்படியே போனா நான் செத்துருவேன்" என்றாள். அவருக்கு அவள்மேல் உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து மணியை எடுத்து அடித்தார். ஒருவரும் அசையவில்லை. மதியம்வரை ஒரு பெரியவர் நனைந்த படுக்கையிலேயே கிடந்தார். அவர் அழுவது அலுவலக அறைக்குக் கேட்டது. அதட்டி வேலை வாங்கத் தலைவருக்கு வாய் வரவில்லை. யாரிடமும் கெட்ட பேர் வாங்கிப் பழகாதவர் அவர். துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினார். வீட்டுக்குள் மனைவி அலறியது தோட்டத்தைத் தாண்டிக் கேட்டது.

ஊரார் கால்களையெல்லாம் கழுவியவருக்கு, மனைவியின் கால்களை ஒருநாளும் தொட்டுக் கழுவியதில்லை என்பது அன்று மாலை வீட்டு வாசலில்தான் உறைத்தது. வெந்நீர் காய்ச்சிக் கொண்டுவந்து, கட்டிலோரம் அவளை உட்கார வைத்து, முன்னால் முழங்காலிட்டார். அவள் பல்லைக் கடித்தாள். அவர் விரல் விரலாக, அவ்வளவு பொறுமையாகக் கழுவினார்.

"போதுங்க, எழுந்திருங்க."

"இரு, இன்னொரு காலும் இருக்குல்ல."

"உங்களக் கும்பிடுறேன், எழுந்திருங்க. முட்டி உயிர் போகுது."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். இத்தனை காலமும் யார் முதுகில் ஏறி நின்று தாழ்மையாக இருந்தோம் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. நெஞ்சு வெடித்து அழுதார். கண்ணீர் அவள் கண்களிலிருந்து வழிந்தது. அவர் இடுப்பிலிருந்த துண்டின் நுனியை இழுத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேரமாச்சு. அந்தப் பெரியவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஆளிருக்காது. போங்க" என்றாள்.

அவர் போனார். அவள் இடுப்புக்குக் கீழே தலையணையை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.