வெள்ளையன் காடு

பெருமாநல்லூரைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் ஒரு பெரிய நுழைவாயில் வரும். இரண்டு சிமெண்டு யானைகள் தும்பிக்கையால் தாங்கிப் பிடித்திருக்கும் பலகையில் 'கிட்டுசாமி கார்டன் சிட்டி' என்று ஆளுயர எழுத்து. டவுன் பஸ் கண்டக்டர்கள் மட்டும் அதைப் படிப்பதே இல்லை. யானைகளுக்கு நேர் எதிரில் பஸ்ஸை நிறுத்தி, "வெள்ளையங்காடெல்லாம் எறங்கு!" என்றுதான் இருபத்தைந்து வருடமாகக் கூவுகிறார்கள். நகரத்தை நிறுவிய கிட்டுசாமிக்கு இது தீராத மனக்குறை. ஒரு தீபாவளிக்குக் கண்டக்டர்களுக்கெல்லாம் பெட்டி பெட்டியாகப் பனியன் அனுப்பிப் பார்த்தார். அவர்கள் பனியனைப் போட்டுக்கொண்டு, "வெள்ளையங்காடெல்லாம் எறங்கு!" என்றார்கள். மார்பில் மட்டும் 'கார்டன் சிட்டி' என்று இருந்தது.

அவர் மனைவி சாரதாமணிக்கு அந்தக் கூவல் பிடிக்கும். மாடியில் துணி உலர்த்தும்போது காதில் விழுந்தால் கை ஒரு நொடி நிற்கும். வெள்ளையன் என்பது அவள் அப்பாவின் பெயர்.

கிட்டுசாமி பனியன் ஏற்றுமதி செய்து தலையெடுத்தவர். மெஷின் பார்க்க லூதியானாவுக்குப் போனவர், போன வழியில் சண்டிகரைப் பார்த்துவிட்டார். மெஷின் மறந்து போயிற்று. "என்ன ரோடுங்கறீங்க! கட்டிங் டேபிள்ல துணி விரிச்சாப்பல நேரா போகுதுங்க" என்று ஒரு மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாமனார் இறந்து, ஒரே மகளுக்கு வந்த நிலம் சும்மா கிடந்தது. அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்து வாங்கி நான்கு செக்டார் போட்டார். மூன்றாவது செக்டார் இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது. அடுக்குமாடிக்குத் தோண்டிய குழியில் கட்டட வேலை நின்று மழைத் தண்ணீர் தேங்கியது. அடுத்த வரைபடத்தில் அதற்கு நீலம் அடித்து ஏரி என்றார்கள். தெருக்களுக்கு மகன் பெயர், மருமகள் பெயர் எல்லாம் வைத்தாயிற்று. செத்துப்போன நாயின் பெயரிலும் 'டைகர் கிராஸ்' என்று ஒரு குறுக்குத் தெரு உண்டு.

எல்லாத் தெருவும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போகும். சாரதாமணி மெயின் ரோடு மட்டும் நடுவழியில் இடுப்பொடிந்தாற்போல வளைந்து, பிறகு நிமிரும். வளைவின் மடியில் ஒரு முக்கோண நிலம். அதில் ஒரு வெள்வேல மரம். வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. 'காலியிடம்' என்று மட்டும் இருந்தது. சர்வேயர் செய்த தப்பு என்று ஊரில் சொல்வார்கள். சாரதாமணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்தத் தப்புக்காக, முகம் தெரியாத அந்த சர்வேயருக்குக் கோயிலில் விளக்குகூடப் போட்டிருக்கிறாள்.

காரணம், அது காலியிடம் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தபோது பிறந்த பெண் குழந்தை, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அப்பாதான் துண்டில் சுற்றி எடுத்துப் போய்க் காட்டு மூலையில், வெள்வேல மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். கிட்டுசாமி பின்னாலேயே போனார். பெற்றவளை யாரும் போகவிடவில்லை. பெயர் வைக்காத குழந்தைக்குத் திதி கிடையாது, படத்துக்கு மாலை கிடையாது, அதைப் பற்றிப் பேச்சும் கிடையாது. பிறகு சுரேந்தர் பிறந்தான். அந்தப் பெண் குழந்தையைப் பற்றிக் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமலே நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியாயிற்று. தினமும் காலையில் சாரதாமணி வாக்கிங் போவாள். டாக்டர் சொன்னது சர்க்கரைக்கு. அவள் சுற்றுவது அந்த முக்கோணத்தை.

வெள்ளி விழா வந்தது. நகரத்துக்கு ஒரு வரலாறு வேண்டும் என்றான் சுரேந்தர். சென்னையிலிருந்து இளங்கோ என்ற விளம்பரக் கம்பெனி எழுத்தாளர் வந்தார். இரண்டு நாள் ஏசி அறையில் தங்கி, நுங்கு சாப்பிட்டு, மேனேஜரிடம் இடத்தின் பழைய பெயரைக் கேட்டார். "வெள்ளையன் காடுங்க" என்றார் மேனேஜர். இளங்கோவுக்கு அது போதுமானதாக இருந்தது.

'வனத்திலிருந்து நகரம்' என்ற அந்த நூலை அவர் கிட்டுசாமி வீட்டு ஹாலில் வாசித்துக் காட்டினார். குடும்பமே சோபாவில் உட்கார்ந்து கேட்டது.

"'ஆங்கிலேயத் துரை ஒருவன் வேட்டையாடிக் களித்த அடர்வனம் அது. பகலிலும் சூரியன் நுழைய அஞ்சும். அதனாலேயே மக்கள் அதை வெள்ளையன் காடு என்றழைத்தனர். அங்கே உலவிய புலிகளுக்கு, டைகர் கிராஸ் என்னும் தெருப்பெயர் இன்றும் சாட்சி. மனிதக் காலடி படாத அந்த மண்ணில் முதல் கோடரியை வீசியவர்...'"

கொங்கு நாட்டில் கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. காட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் களை வெட்டப் போகிறார் என்று அர்த்தம். தவம் செய்ய இல்லை. இளங்கோவுக்கு இது தெரியாதது குற்றமில்லை. சுரேந்தர் ஊட்டியில் படித்தவன், அவனுக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் அந்தக் காட்டில் சோளம் விதைத்தபோது மாமனாருக்குச் சோறு கொண்டுபோன கிட்டுசாமி வாயைத் திறந்ததையும், ஒரு நொடி கழித்து மூடியதையும் சாரதாமணி பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் கிட்டுசாமி.

"அந்த ரோடு வளைவு ஏன்னு கேட்டீங்களே சார், அது எப்படி வந்திருக்கு?" என்று கேட்டான் சுரேந்தர்.

"'வாகனங்களின் வேகத்தைத் தணிக்கும் தொலைநோக்கு' என்று போட்டிருக்கிறேன். ஐயா சொன்னதுதான்."

கிட்டுசாமி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

வாசிப்பின் கடைசிப் பக்கம் வந்தபோதுதான் சாரதாமணி சோபாவின் நுனிக்கு நகர்ந்தாள். முதல் கோடரி விழுந்த இடமாக இளங்கோ அந்த முக்கோணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். படத்தில் அழகாக வருமாம். நிறுவனருக்கு அங்கே வெண்கலச் சிலை. ஒன்பதடிச் சிலைக்கு ஆறடி ஆழத்துக்கு அஸ்திவாரம். வெள்ளிக்கிழமை பூமி பூஜை, அமைச்சர் வருகிறார்.

"அங்க தோண்ட வேண்டாங் கண்ணு" என்றாள் மகனிடம்.

"ஏனுங்கம்மா?"

"மரம் இருக்குதல்ல" என்றாள்.

மருமகள் மோனிஷா போனிலிருந்து தலை நிமிர்ந்தாள். "மரத்தை வேரோட எடுத்து ஏரிக்கரையில வெச்சரலாங்க அத்தை. இப்பெல்லாம் அதுக்கு மெஷின் இருக்குதுங்க."

எடுத்து வேறிடத்தில் வைத்துவிடலாம் என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். சாரதாமணி சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டாள். "ஏனுங்க, எங்கய்யன் எப்பங்க வெள்ளக்காரனானாரு?"

"காடுன்னுதான புள்ள போட்டிருக்குது? வெள்ளையன்னுதான போட்டிருக்குது? பொய்யி எதுமில்லியே."

"புலின்னும் போட்டிருக்குதுங்க."

"நம்ம டைகர் கடிச்சதுல கூர்க்காவுக்கு ஏழு தையல். கேட்டுப்பாரு." சிரித்துக்கொண்டே இட்லியைப் பிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"செல அந்த எடத்துல வேண்டாமுங்க."

"அமைச்சருக்குச் சொல்லியாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு."

"அங்க என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கிட்டுசாமியின் கை சட்னியிலேயே நின்றது. தட்டைப் பார்த்தபடி, "அத்தன வருசத்துக்கு முன்னால நடந்தது. எது எங்கிருக்குதுன்னு ஆரு கண்டா" என்றார். பாதி இட்லியை வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அவர் மறந்திருந்தால் அழுதிருப்பாள். மறக்கவில்லை என்று தெரிந்ததால் அழுகை வரவில்லை.

வெள்ளிக்கிழமை முக்கோணத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். பேண்டு வாத்தியம் வந்திருந்தது. வெள்ளி முலாம் பூசிய கடப்பாரை ஒன்று பட்டுத் துணியில் படுத்திருந்தது. நிறுவனர் முதல் குத்துக் குத்த அதை ஆர்டர் கொடுத்துச் செய்திருந்தார்கள். முலாம் உரிந்துவிடும், பார்த்துக் குத்தச் சொல்லுங்கள் என்று செய்தவர் சொல்லி அனுப்பியிருந்தார். மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, பக்கத்தில் சுண்ணாம்பில் ஒரு சதுரம் வரைந்திருந்தார்கள். ஜேசிபி ஓரமாக மாலை போட்டு நின்றது.

அமைச்சர் அவிநாசியைத் தாண்டிவிட்டார் என்று போன் வந்தது. அர்ச்சகர் தட்டை எடுத்துக்கொண்டு சதுரத்தருகே போனபோது, அதற்குள் சாரதாமணி உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை. விழாவுக்கென்று மகன் எடுத்துக் கொடுத்த சேலை அது. சம்மணம் போட்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பூஜையில உட்கார அங்க சேர் போட்டிருக்குதுங்க" என்றார் அர்ச்சகர் தயங்கி.

"இங்கயே இருக்கட்டுமுங்க."

சுரேந்தர் ஓடி வந்தான். "எந்திரிங்கம்மா. எல்லாரும் பாக்கறாங்க. உடம்புக்கு முடியலீங்களா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு. எங்கய்யன் காட்டுல உக்கோந்திருக்கறன்."

இளங்கோவும் வந்தார். "அம்மா, இது அரசாங்க வனமா இருந்து, வெள்ளைக்காரன் காலத்துல..."

"வெள்ளையன் எங்கய்யன் சாமி." சாரதாமணி அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. "வேட்டைக்கெல்லாம் போனதில்லீங்க. எருமை ரெண்டு வெச்சிருந்தாரு. சோளமும் நரிப்பயறும் போடுவாரு. நீங்க நல்லாத்தான் எழுதிருக்கறீங்க, ஆனா அவரு கருப்புங்க. நல்ல கருப்பு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பேண்டுக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளங்கோ கையிலிருந்த நூலை, அட்டையில் புலி தெரியாதபடி மெதுவாகத் திருப்பிப் பிடித்தார்.

"சரிங்கம்மா, தாத்தா பேரையும் கல்லுல போட்டரலாமுங்க. இப்ப எந்திரிங்க" என்றான் சுரேந்தர்.

"பேரெல்லாம் வேண்டாம். தோண்டாம இருந்தாப் போதும்."

"அதுதான் ஏன்னு சொல்லுங்களேன்!"

அவள் மண்ணில் உள்ளங்கையை வைத்திருந்தாள். சொன்னால் மகன் புரிந்துகொள்வான். கூட்டமே எழுந்து நிற்கும். அமைச்சர் இரண்டு வார்த்தை பேசுவார். இளங்கோ அடுத்த பதிப்பில் ஒரு அத்தியாயம் சேர்ப்பார். அத்தனையும் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் கணவரைப் பார்த்தாள்.

கிட்டுசாமி கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். மீசைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார். சதுரத்தின் விளிம்பு வரை வந்தார். வெள்வேல மரத்தையும், அதன் அடியையும், மனைவியின் கை இருந்த இடத்தையும் பார்த்தார். அவள் கை ஒரு முழம் தள்ளி இருந்தது. பெற்றவள் அன்று வரவில்லையே, சரியான இடம் அவளுக்கு எப்படித் தெரியும்? குனிந்து, யாருக்கும் தெரியாதபடி, கடப்பாரையின் நுனியால் மரத்தின் வேரோரம் மண்ணை லேசாகத் தொட்டுக் காட்டினார்.

சாரதாமணி கையை அங்கே நகர்த்தினாள்.

"செலைய அங்க வெய்ங்கடா" என்றார் கிட்டுசாமி நிமிர்ந்து. அவர் காட்டிய பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தது.

"அப்பா, அங்கயா? இஞ்சினியர் டிராயிங் எல்லாம்..."

"ரோட்டையே வளைச்சவன்டா நான். செலையத் தள்ளி வெக்க மாட்டனா?"

சுரேந்தருக்கு அது விளங்கவில்லை. இளங்கோவுக்கும் விளங்கவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்ததால் குறித்துக்கொண்டார். சாரதாமணிக்குத்தான் இத்தனை வருடம் விளக்குப் போட்டது எந்த சர்வேயருக்கு என்று அப்போது தெரிந்தது.

அமைச்சர் வந்தார். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் குத்திய கடப்பாரையின் முலாம், முதல் குத்திலேயே உரிந்துவிட்டது. வனத்தை நகரமாக்கியவரின் தியாகத்தைப் பற்றி அமைச்சர் அரை மணி நேரம் பேசினார். நூல் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் புலிகள் அப்படியே இருந்தன. நிறுவனரின் எளிமையே அவர் சிலைக்கு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இடம் பிடித்தது என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபிறகு கிட்டுசாமி முக்கோணத்துக்குத் திரும்பி வந்தார். சாரதாமணி மரத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தார். பிறகு அதில் உட்காராமல் மண்ணிலேயே உட்கார்ந்தார். வேட்டியெல்லாம் சுண்ணாம்பு.

யானைகளுக்கு எதிரே ஒரு பஸ் நின்றது. "வெள்ளையங்காடெல்லாம் எறங்கு!"

"ஏம்புள்ள" என்றார் கிட்டுசாமி. "எல்லாத்துக்கும் பேரு வெச்சாச்சு. நாய்க்குக்கூட வெச்சேன். இதுக்கும் ஒரு பேரு வெக்கலாமா?"

சாரதாமணி துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. பேரு வெச்சா நீங்க போர்டு வெப்பீங்க."