நன்றி சொல்லாத வாரம்

அந்த வாரம் போக்னா ஒருவருக்கும் நன்றி சொல்லாமல் கவனமாக இருந்தாள். தேர்வுக்குப் போகிறவரை யாராவது வாழ்த்தினால், "நன்றி சொல்ல மாட்டேன்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வாய் தவறி நன்றி சொல்லிவிட்டால், வந்த அதிர்ஷ்டம் வந்த வழியே திரும்பிவிடும். லூப்லின் நகரில் பேராசிரியர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை எல்லோரும் சிரித்துக்கொண்டே கடைப்பிடிக்கும் வழக்கம் அது.

அவளுடைய முனைவர் படிப்பின் இடைக்கால மதிப்பீடு வெள்ளிக்கிழமை நடக்கவிருந்தது. படிப்பில் சேர்ந்தபோது அவள் எழுதிக் கொடுத்த ஆய்வுத் திட்டத்தையும் இதுவரை செய்திருக்கும் வேலையையும் மூவர் குழு ஒப்பிட்டுப் பார்க்கும். தேறினால் அரசு தரும் மாத உதவித்தொகை ஒன்றரை மடங்காக உயரும். சனிக்கிழமைகளில் ரொட்டிக்கடைக்கு மாவு பிசையப் போக வேண்டியதில்லை. தேறாவிட்டால் உதவித்தொகையும் நிற்கும், படிப்பும் நிற்கும்.

ஒரு சிக்கல் இருந்தது. மூன்று சதுப்பு நிலங்களில் நீர்மட்டத்தையும் பாசி வளர்ச்சியையும் கவனிப்பதாக அவள் எழுதியிருந்தாள். மூன்றாவது நிலம் முதல் கோடையிலேயே வறண்டு, பாசி கருகிவிட்டது. வேறு நிலத்துக்கு மாறிக்கொள்ளும்படி பலரும் சொன்னார்கள். அவளோ அங்கேயே நீர்மட்டம் அளக்கும் குழாயை இன்னும் ஆழமாக இறக்கினாள். 'தண்ணி இல்லாத இடத்துல தண்ணி அளக்கறவ' என்று துறை முழுவதும் பெயர் வாங்கினாள்.

வெள்ளி காலையில் திமோன் அழைத்தான். அவளோடு படிப்பில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே விலகி, வார்சாவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அமர்ந்துவிட்டவன். அங்கே வெள்ள அபாயம் கணக்கிடும் பிரிவில் அவளுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தான்.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் அந்த இடம் காலியா இருக்கும். என்ன சொல்றே?"

"மதிப்பீடு முடியட்டும்டா."

"முடிஞ்சதும் நீயே அழுதுட்டு ஃபோன் பண்ணுவே. சரி, வாழ்த்துகள்."

"நன்றி சொல்ல மாட்டேன்."

"சொல்லாதே தாயே."

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மேலங்கிகளை வாங்கி மாட்டி வைக்கும் யாட்விகா அம்மா, அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, முழங்காலால் பின்னால் ஓர் இடி இடித்தார். அதுவும் அதிர்ஷ்டத்துக்குத்தான்.

"போன வருஷம் நான் இடிச்ச பிள்ளைங்க எல்லாம் தேறிட்டாங்க. நீ மட்டும் மானத்தை வாங்கிடாதே, போ."

மாடியில், அறை வாசலில், குழுத் தலைவர் பேராசிரியர் ஷமோட்டா எதிர்ப்பட்டார். சிரிக்காதவர் என்று பெயரெடுத்த அந்த அம்மையார், கதவைத் திறந்து பிடித்தபடி, "வாழ்த்துகள்" என்றார்.

"நன்றி, பேராசிரியரே."

சொன்ன பிறகுதான் போக்னாவுக்கு உறைத்தது. காதுமடல் சுட்டது. ஆனால் வரைபடங்களைத் திரையில் ஏற்றியதும் சூடு தணிந்தது. அவை அவளே சேற்றில் நின்று எடுத்த அளவுகள்.

அவள் பேசி முடித்ததும் ஷமோட்டா கேட்டார்: "மூணு நிலம்னு எழுதியிருக்கீங்க. மூணாவதுல பாசியே இல்லையே. திட்டப்படி பார்த்தா இது அரைகுறை வேலைதானே?"

"பாசி இல்லைதான், பேராசிரியரே. வேற நிலத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்ப மனசு வரலை. தண்ணி எங்க நிக்குதுன்னு பார்ப்பேன்னு எழுதியிருந்தேன். நிக்கலை. அதனால எங்க போகுதுன்னு பார்த்தேன். எல்லாரும் மறந்துபோன பழைய கால்வாய் ஒண்ணு காட்டுக்குள்ள இருக்கு, அது உறிஞ்சிக்கிட்டு இருந்தது. போன வசந்தத்துல வனத்துறை அதை அடைச்சாங்க. இப்போ மட்டம் ஏறுது. கடைசிப் படத்தைப் பாருங்க."

வெளியூரிலிருந்து வந்திருந்த உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "பாசியை ஆராயத்தானே அரசாங்கம் உங்களுக்குப் பணம் கொடுத்துச்சு?"

"தேடறதுக்குக் கொடுத்தாங்க, ஐயா. நான் நினைச்சதே கிடைக்கணும்னு கொடுக்கலை."

ஷமோட்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாசல்ல எனக்கு நன்றி சொன்னீங்க. கவனிச்சேன். அப்படிச் சொன்னவங்க யாரும் இந்த அறையில தேறினதா எனக்கு ஞாபகம் இல்லை."

"அதிர்ஷ்டத்தை உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன், பேராசிரியரே. அளந்தது என்கிட்ட இருக்கு."

மூன்றாவது உறுப்பினர் குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். போக்னாவை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் திமோனின் அழைப்பு மீண்டும் வந்தது. "என்னாச்சு?"

"இன்னும் சொல்லலை."

"அப்போ சொன்னதும் கூப்பிடு. நான் மேனேஜர்கிட்ட..."

"வேண்டாம் திமோன். இப்பவே சொல்லிடறேன், நான் வரலை."

"பைத்தியமாடி நீ? தோத்துட்டா?"

"தோத்தா ரொட்டிக்கடை இருக்கு. கால்வாய் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சவ நான்தான்டா. அடைச்சதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு பார்க்காம உன் ஆபீஸ்ல உட்கார முடியாது. அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடு."

கதவு திறந்தது. ஷமோட்டாவே வெளியே வந்தார். "மூணு பேருக்கும் ஒரே கருத்துதான். தேறிட்டீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து புதுத் தொகை." உள்ளே திரும்பப் போனவர் நின்றார். "இப்போ நன்றி சொல்லலாம். தப்பில்லை."

போக்னா சொன்னாள். படியிறங்கி யாட்விகா அம்மாவிடமும் சொன்னாள்.

"வெறும் நன்றியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றபடி அவர் மேலங்கியை எடுத்து நீட்டினார். "பணம் கூடுதில்லே? ரோஜா ஜாம் வெச்சுப் பொரிச்ச பாஞ்ச்கி உருண்டை வாங்கிட்டு வா."

"வாங்க மாட்டேன். நாளைக்கு ரொட்டிக்கடைக்குப் போய் நானே பொரிச்சு எடுத்துட்டு வரேன். அங்க எனக்கு அதுதான் கடைசி வேலை."