மேசை போட்ட இடம்

எங்கள் ஊருக்கு மேற்கே அரைநாள் நடையில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஆறு ஓடுகிறது, மண் கறுப்பு, ஆப்பிள் மரம் யாரும் நடாமலே முளைக்கிறது. கொரியன் ஒருவன்கூட அங்கே கிடையாது. எங்கள் ஊரில் ஆறு இல்லை. மண் முழுக்க உப்பு. வெள்ளரிக்காயைத் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் ஊறுகாய் ஆகியிருக்கும். எங்கள் மாடுகளின் பாலில் மோர் செய்தால் தனியாக உப்புப் போடத் தேவையில்லை. இந்த ஊரில்தான் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஹெகாய், யுகாய், நோகாய் என்று கொரியக் குடும்பப் பெயர்கள்தான், எங்கள் கூட்டம்.

ஏன் இப்படி என்று விசாரிக்க கஸாக் நாட்டுப் பெருநகரமான அல்மாட்டியிலிருந்து ஆட்கள் வருவார்கள். நெல்லுக்கு ஏற்ற நிலமா, தண்ணீர் வசதியா, சீதோஷ்ணம் ஒத்துப்போயிற்றா என்று பதிலையும் அவர்களே கொண்டுவருவார்கள். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பேன். அவ்வளவு தூரம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? உண்மையில் காரணம் என் அம்மா போட்ட ஒரு மேசை.

எங்களில் ஒருவனுக்கு வாழ்நாளில் மூன்று மேசை. ஒரு வயது நிறையும்போது ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, அறுபதுக்கு ஒன்று. முதல் மேசை தவறிப்போனால் மற்ற இரண்டும் அவனுக்குக் கிடையாது. அவனை அரை மனிதன் என்றுதான் சொல்வார்கள். மேசையை உச்சிவேளைக்கு முன்னால் போட்டாக வேண்டும். பசையரிசியை அவித்து இடித்த பலகாரம் மூன்று கிண்ணம், நூல், கத்தரிக்கோல், புத்தகம், அரிசி எல்லாம் அதில் இருக்கும். குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். எடுக்கும்வரை சுற்றி உட்கார்ந்தவர்கள் எழக்கூடாது.

முப்பத்தேழாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், கிழக்குக் கடலோரத்திலிருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் ஜப்பான்காரனுக்கு வேவு பார்ப்பவர்கள் என்று சொல்லி அரசாங்கத்தார் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. டிக்கெட் கேட்காததே பெரிய சலுகை என்றாராம் மான்கில் பெரியப்பா, என் அப்பாவின் அண்ணன். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் பார்த்தவர்களைவிட நான் நன்றாகச் சொல்வேன். அவர்கள் பாதியில் அழுதுவிடுவார்கள்.

ஒரு பெட்டியில் ஐந்து குடும்பம். என் அம்மா ஒக்சுனின் மடியில் என் அண்ணன் உன்ஹோ. அவனுக்கு ஒரு வயது நிறையப்போவது வழியில்தான் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் தடித்த போர்வையான ரஜாய்க்குள்ளிருந்து பஞ்சை எடுத்துவிட்டுப் பசையரிசியை வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த ரஜாய் மேல்தான் எல்லோரும் சாய்ந்து தூங்கினார்கள்.

பெட்டிகளில் அம்மை பரவியது. பக்கத்துப் பாயில் இருந்த புன்யேயின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கொடுத்த ரொட்டி பச்சை மாவாகவே இருந்தது, குழந்தைக்கு இறங்கவில்லை. ரஜாய்க்குள் அரிசி நறநறப்பது புன்யேக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு பிடி குடு ஒக்சுன். கஞ்சி வச்சு வாயில விடறேன்."

"அது மேசைக்கு வச்சது அக்கா."

"தெரியும். ஒரு பிடிதான் கேக்கறேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு பிடி போனால் மூன்று கிண்ணம் நிறையாது. மூன்று கிண்ணம் இல்லாத மேசை மேசையே இல்லை. புன்யேயின் மகள் இரண்டு நாளில் இறந்தாள். ரயில் ஏதோ ஒரு இடத்தில் நின்றபோது காவல்காரர்கள் வந்து உடலை வாங்கிக்கொண்டு போனார்கள். இருட்டில் பெயர்ப்பலகை தெரியவில்லை. பெயர்ப்பலகை இருந்ததா என்பதும் தெரியாது.

மேசை நாளன்று காலையில் ரயில் வெட்டவெளியில் நின்றது. இஞ்சினுக்கு ஏதோ கோளாறு, மத்தியானம்வரை நகராது என்றான் காவல்காரப் பையன். ஓடும் பெட்டியில் மேசை போட்டால் பிள்ளையின் பிழைப்பு காலமெல்லாம் உருண்டுகொண்டே இருக்கும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பெட்டியே இறங்கியது. கதவுப் பலகையைக் கழற்றிக் கல் மேல் வைத்தார்கள், அது மேசை. அம்மா ரஜாயைப் பிரித்தாள். பட்டினி கிடந்த ஐந்து குடும்பமும் அந்த அரிசியைப் பார்த்தன. அவித்து முடித்ததும் உலக்கைக்குப் பதிலாக ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு இடிக்க உட்கார்ந்தவள் புன்யே. அவளை யாரும் கூப்பிடவில்லை.

உன்ஹோவை மேசை முன்னால் உட்கார வைத்தார்கள். அவன் நூலைப் பார்த்தான். கத்தரிக்கோலைப் பார்த்தான். எதையும் தொடவில்லை. அப்போது விசில் ஊதியது.

"தூக்கிக்கிட்டு வா" என்றார் அப்பா.

"எடுக்கட்டும்" என்றாள் அம்மா.

"வண்டி கெளம்புதுடி."

"நீங்க போய் நிறுத்துங்க. இவன் எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

தம்பி பெண்டாட்டி எழாமல் பெரியப்பா எழ முடியாது, பெரியப்பா எழாமல் மற்றவர்கள் எழ முடியாது. மரியாதை தெரிந்த மனிதர்கள். அப்பா மட்டும் ஓடிப்போய்ப் பெட்டியில் தாவி ஏறி மூட்டைகளை வெளியே வீச ஆரம்பித்தார். ரயில் வேகமெடுத்தது, அவர் வீசிக்கொண்டே போனார். கடைசியாக வீசிய சோற்றுப்பானையை நாங்கள் கண்டெடுத்தது பக்கத்து மாவட்டத்தில்.

அந்தச் சமயம் உன்ஹோ குனிந்து, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். உப்பாக இருந்திருக்கும், சிரித்தானாம்.

பெரியப்பா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். "மண்ண எடுத்துட்டான். இனிமே என்னத்தச் சொல்றது" என்றார். பிறகு எல்லோரும் பலகாரம் சாப்பிட்டார்கள்.

அடுத்தடுத்த நிலையங்களில் பெயர் கூப்பிட்டபோது, அப்பா தனி ஆளாக ஐந்து குடும்பத்துக்கும் குரல் மாற்றி மாற்றி ஆஜர் சொல்லியிருக்கிறார். பெண்கள் குரலில்கூடச் சொன்னார். பெரியப்பாவுக்காக இருமினார். தப்பித்தார்கள் என்று எழுதிவிட்டால் சுட்டுவிடுவார்களே என்ற பயம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதனால் நாங்கள் அத்தனை பேரும் கணக்கில் தாஷ்கண்ட் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆனது. எங்களுக்கான ரேஷன் மாவும் அங்கேதான் போயிற்று. இங்கே எங்களைத் தேடி ஒரு ஈகூட வரவில்லை.

தண்டவாளத்துக்கு அப்பால் மண்குடிசைகள் சில காலியாகக் கிடந்தன. அடுப்பு இருந்தது, தொட்டில் இருந்தது. ஒராஸ் என்ற கஸாக் மேய்ப்பன் ஒருவன் மட்டும் நான்கு ஆடுகளோடு அங்கே இருந்தான். இவையெல்லாம் யாருடைய வீடு என்று பெரியப்பா கையால் கேட்டார். அவன் மேட்டுப் பக்கம் கைகாட்டினான். அங்கே வரிசையாக மண் குவிந்திருந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் மந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போனபோது பசியில் செத்த ஊர் அது. இடம் காலியாக இருப்பதற்கும் காரணம் இருக்கத்தானே வேண்டும். ஒராஸ் ஒரு தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து என் அம்மா முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் குளிரில் பேசினால் வார்த்தை உறைந்து கீழே விழுமாம், கோடையில் உருகிய பிறகுதான் யார் யாரைத் திட்டினார்கள் என்று தெரிந்ததாம். பெரியப்பா இதைச் சொல்லும்போது யாரும் சிரித்ததில்லை. ஒராஸ் ஆடுகளை ஒவ்வொன்றாக அறுத்து ஊருக்கே பங்கு வைத்தான். ஆடு தீர்ந்த பிறகு கோரைக் கிழங்கு. குளிரின் நடுவில் உன்ஹோ இறந்தான். முழு மேசை போட்ட பிள்ளை, ஒரு குறையும் வைக்காத மேசை. தரை இரும்பாக இருந்ததால் மூன்று நாள் தீ மூட்டி இளக்கி அந்த மேட்டில் குழி வெட்டினார்கள்.

பனி உருகும்போது அப்பா நடந்தே வந்து சேர்ந்தார். நடையில் தேய்ந்து இரண்டு விரற்கடை குள்ளமாகிவிட்டதாகச் சொல்வார், கல்யாணத்தில் எடுத்த கால்சட்டை அதன் பிறகு தரையில் புரண்டது. வாசலில் நின்று தொட்டிலைப் பார்த்தார்.

"மேசையில என்னத்த எடுத்தான்?"

"மண்ண" என்றாள் அம்மா. வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

எனக்கு அம்மா மேசை போடவில்லை. அதன் பிறகு யாருக்குமே போடவில்லை. அதனால் வழக்கப்படி எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. அரை மனிதனாக எண்பதைத் தாண்டிவிட்டேன்.

அப்பா வந்த வழியெல்லாம் இந்த இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். தங்கச்சியைத் தேடி அண்ணனும், மாமனைத் தேடி மருமகனும் பிற்பாடு வந்து சேர்ந்தார்கள். விளையுமா என்று ஒருவனும் கேட்கவில்லை, இன்னார் இங்கே இருக்கிறாரா என்றுதான் கேட்டார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்த வசந்தத்திலேயே, ஒரு லாரி வந்தது. எங்கிருந்தோ எங்கள் விஷயம் தெரிந்துபோய், மேற்கே அந்த ஆற்றங்கரையில் இருந்த பண்ணைக்கு ஆள் எடுக்க வந்த லாரி. கால்வாய் இருக்கிறது, கறுப்பு மண், தலைக்கு இவ்வளவு மாவு என்றான் டிரைவர். எல்லோரும் மூட்டை கட்டினார்கள். அம்மாவும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இந்த மண்ணைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

புன்யே மட்டும் மேட்டைப் பார்த்தபடி கீழேயே நின்றாள்.

"ஏறு அக்கா" என்றாள் அம்மா.

"நீங்க போங்க. நான் இவன்கூட இருக்கேன்."

"அவன் என் பிள்ளை."

"உன் பிள்ளதான், யாரு இல்லேன்னா? அன்னிக்கு ஒரு பிடி கேட்டேன், நீ குடுக்கல. சாகுறவரைக்கும் அத மறக்க மாட்டேன். ஆனா என் பொண்ண எந்த ஊருல எறக்கினாங்கன்னு எனக்குத் தெரியாது ஒக்சுன். ஒக்காந்து அழ ஒரு எடம் வேணும் எனக்கு. இவன் போதும்."

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். அம்மா மூட்டையை முதலில் கீழே போட்டாள், பிறகு பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அப்பா இறங்கினார். அந்தக் குளிரில் ஆளைப் புதைத்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், அப்படிப் புதைக்காத வீடு ஒன்றும் இல்லை. கடைசியில் மேலே பெரியப்பா மட்டும் இருந்தார்.

"நீங்க வரீங்களா தாத்தா?" என்றான் டிரைவர்.

"நான் ஒருத்தன் போய் அங்க யாருகிட்டடா தம்பி சண்ட போடறது?" என்று கையை நீட்டினார். அப்பா அவரைத் தூக்கி இறக்கினார்.

லாரி காலியாகப் போயிற்று. புன்யே அதற்குள் மேட்டுக்குப் போய்ச் சின்ன மண்குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். புன்யே திரும்பிப் பார்க்கவில்லை.