வீட்டு ரேட்

"முதன்மை நாணயம் எதுன்னு கேக்குது" என்று போனை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தான் லிஃப்ட் மெக்கானிக். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. கட்டிலில் கிடந்த அவளுடைய போனிலிருந்து அவள் தம்பியின் குரல்தான் பதில் சொன்னது. "ஆடாத காசா வைங்க அத்தான். அக்கா சம்பளம் வாங்குற காசு." மச்சான் எங்கோ மூன்றாவது நாட்டில் கணக்காளன். வீடு வாங்கக் கையில் எவ்வளவு தேறும் என்று அக்கா ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட, அன்றிலிருந்து இருவரையும் துரத்தித் துரத்தி இந்த வரவுசெலவுக் கணக்கு ஆப்பைப் போனில் போட வைத்திருந்தான்.

அவன் துரத்தியதிலும் நியாயம் இருந்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில் வீடும் மெக்கானிக்கின் வேலையும். அந்தக் கரை வேறு நாடு, வேறு காசு. அங்கே பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. தினமும் பாலம் தாண்டி பஸ்ஸில் போய் வருவாள். அதனாலேயே அவன் அவளைப் பல்லழகி என்று கூப்பிடுவான். இரண்டு சம்பளம், மூன்று வங்கிக் கணக்கு, போதாததற்கு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. மாதம் பிறந்ததும் வீட்டுச் செலவுக்கு இருவரும் அதில் பணம் போடுவார்கள். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அவள் நூறு போட்டால் அவனும் நூறு. எந்தக் காசு எவ்வளவு பெறும் என்ற பேச்சே கிடையாது. வேண்டியபோது பாலத்தடிக் கடையில் மாற்றி வருவது அவள் பொறுப்பு.

சட்டம் போட்டவன் அவன்தான். கல்யாணமான புதிதில் அவனுடைய ஒன்று அவளுடைய இரண்டரைக்குச் சமம். முதல் மாதம் தன் பங்கை அவள் கூனிக்குறுகி நீட்டியபோது, "பாலத்துக்காரன் ரேட்டெல்லாம் பாலத்தோட. வீட்டுக்கு நான் சொல்றதுதான் ரேட். ஒண்ணுக்கு ஒண்ணு" என்று ஜம்பமாகச் சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் நஷ்டப்பட்டிருப்பான். அப்புறம் அதை மறந்தும் போனான்.

காலம் அப்படியே இருக்குமா? அவன் காசு வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. அவனுக்குத் தெரியாமல் இல்லை. வெயில் அடிப்பது எல்லோருக்கும் தெரியும், எத்தனை டிகிரி என்று யார் பார்க்கிறார்கள்? இப்போது ஆப் பார்த்துச் சொன்னது. டப்பாவில் விழுந்ததையெல்லாம் இன்றைய ரேட்டில் அவள் காசுக்கு மாற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டியது. வட்டம் பூராவும் அவள். ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு அளவுக்கு ஒரு பச்சைக் கீற்று, அது அவன். மச்சான் உற்சாகமாக, "பாத்தீங்களா அத்தான், எவ்ளோ தெளிவா இருக்கு!" என்றான். தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் கலங்கலாகவே இருந்திருக்கலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேலை வந்தது. எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டதாம், கம்பெனி ஆளை அனுப்பச் சொல்கிறதாம். ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் பேசிவைத்துக்கொண்டு ஞாயிறு பார்த்து நிற்கின்றனவா என்று அவள் கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். சோறு பாதியில் போதும் என்றான். கிடைத்த கூலியை அவள் குளிக்கும் நேரம் பார்த்து டப்பாவில் சொருகி வைத்தான். திருடன் திரும்ப வந்து வைப்பதுபோல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிறு காலை அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவள் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"மூட மாட்டேங்குது."

அவன் கயிற்றையே பார்த்தான்.

"கம்பெனி கூப்பிடுதா, நீங்களா கேட்டு வாங்குறீங்களா?"

"நானாதான்" என்றான். பிறகு நிறுத்த முடியவில்லை. "இத்தனை நாளா உன் காசுல உக்காந்து சாப்பிட்டிருக்கேன். தெரிஞ்சப்புறம் சோறு எறங்கல. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பாலத்துல தினமும் ரேட் போர்டு போட்டு வச்சிருக்கான். நான் கண்ண மூடிக்கிட்டா வரேன்?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"முதல்ல நீங்க அதிகமா போட்டீங்களே, அப்போ என்னைக்காவது சொல்லிக் காமிச்சீங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

என்ன வேறு என்று அவன் தேடிப் பார்த்தான். ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது. நான் ஆம்பளை. அதை இவளிடம், இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது. விழுங்கிக்கொண்டான்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒருநாளாவது தட்டைத் தள்ளி வச்சேனா? நல்லா வயிறாரச் சாப்பிட்டேன். ஏன்னா குடுக்கறப்ப உங்க மூஞ்சி அவ்ளோ சந்தோஷமா இருக்கும். அந்த சந்தோஷம் எனக்கும் வேணும்ங்க. அதைப் போய் கடன் மாதிரி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அடைக்கப் பாக்குறீங்களே."

கொடுப்பது அவனுக்கு எப்போதும் சுலபம். வாங்கிக்கொள்ள யாரும் சொல்லித் தந்ததில்லை. இவள் எங்கே கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை.

எழுந்துபோய் டப்பாவின் மூடியை எடுத்தான். தான் திருட்டுத்தனமாகச் சொருகிய நோட்டுகள் எல்லாம் அவனுக்கு அடையாளம் தெரிந்தன. மடிப்பில் கிரீஸ் கறை. ஒவ்வொன்றாக உருவி எடுத்தான். அவள் உதவிக்கு வரவில்லை. கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் நீர்.

பாதி எடுத்திருப்பான், மேஜையில் அவன் போன் அடித்தது. கம்பெனி, ஞாயிறு வேலைக்கு. அவனுக்கு இரண்டு கையும் நிறைய நோட்டு. அவள் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தாள், தொடவில்லை. போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தது. அவன் நோட்டுகளைக் கீழே வைக்கவில்லை.